ஒன்றாம் வகுப்பு வாசலில்: சென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வடசென்னையில் ஒரு தொடக்கப் பள்ளியில் 31 வருஷம் ஒன்றாம் வகுப்புக்கே பாடம் எடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஏப்ரல் பிறந்தால் போதும், ரேஷன் கடை வரிசையிலும் கோயில் பிராகாரத்திலும் பெற்றோர் பிடித்துக்கொள்கிறார்கள். "டீச்சர், ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். ஆராய்ச்சியாளர்கள் கண்டதும் இருக்கிறது, என் வகுப்பில் நான் கண்டதும் இருக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொல்லும் முன் அதன் கண், காது, வயிறு, தூக்கம், கழிப்பறை இவற்றையெல்லாம் பார்த்தாயிற்றா என்று கேட்க வேண்டும்.

என் பையன் ஜூலை 20-ல பிறந்தவன். இந்த வருஷமே ஒண்ணாங் கிளாஸ் போடலாமா?

விதிப்படி போடலாம். தமிழ்நாட்டில் ஜூலை 31 அன்று 5 வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். கேந்திரிய வித்யாலயாவில் 6 வயது முடிந்திருக்க வேண்டும். சிபிஎஸ்இ பள்ளிகளிலும் 6 கேட்கும் பழக்கம் வந்துவிட்டதால், பின்னால் பள்ளி மாற்றும் எண்ணம் இருந்தால் இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஜூலையில் பிறந்த பிள்ளைக்குப் பக்கத்தில் முந்தின ஆகஸ்டில் பிறந்த பிள்ளை உட்காரும். நடுவில் ஏறக்குறைய ஒரு வருஷம். 5 வயதுப் பிள்ளைக்கு அது இதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் ஐந்தில் ஒரு பங்கு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே வயதுக் கணக்கு டிசம்பர் 31-ல் முடிகிறது. ஜனவரியில் பிறந்தவர்களைவிட, வகுப்பிலேயே இளையவர்களான டிசம்பர் பிள்ளைகளுக்கு 'கவனக்குறைவு, துறுதுறுப்பு நோய்' என்ற முத்திரை அதிகமாக விழுந்திருந்தது: ஆண் பிள்ளைகளில் 30 சதவீதம் அதிகம், பெண் பிள்ளைகளில் 70 சதவீதம் அதிகம். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இருந்த ஒரே குறை, வயது குறைவு. டென்மார்க்கில் நடந்த ஆய்வொன்றும் ஒரு வருஷம் தாமதமாகப் பள்ளி தொடங்கிய பிள்ளைகள் 7 வயதில் கூடுதல் கவனத்தோடு இருந்ததைக் கண்டது. 11 வயதிலும் அந்த வித்தியாசம் மறையவில்லை.

ஆகவே ஜூலைப் பிள்ளை தடுமாறினால் யூகேஜியில் இன்னொரு வருஷம் இருக்கட்டும், மானம் போய்விடாது. ஒரு நிபந்தனை உண்டு. தாமதிக்கும் அந்த வருஷத்தில் பிள்ளை பால்வாடியிலோ பள்ளியிலோ இருக்க வேண்டும். வீட்டில் பாட்டியும் டிவியும்தான் துணை என்றால் இந்த வருஷமே சேர்த்துவிடுங்கள்.

பால்வாடி போதுமா? கடன் வாங்கியாவது எல்கேஜியில போடணுமா?

கடன் வாங்காதீர்கள். இதற்கு வெளிநாட்டு ஆய்வைத் தேடிப் போக வேண்டாம், நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. கனிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே அரை நாள் வேலைக்கு ஒரு கூடுதல் பணியாளர். அவ்வளவுதான் மாற்றம். ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தால், பாட நேரம் இரண்டு மடங்காகியிருந்தது, பிள்ளைகள் மொழியிலும் கணக்கிலும் முன்னேறியிருந்தார்கள். வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் விகிதமும் குறைந்திருந்தது. பாடம் எடுக்க வேறு ஆள் வந்ததும் பழைய பணியாளருக்குச் சத்துணவையும் எடை பார்ப்பதையும் கவனிக்க நேரம் கிடைத்தது. ஒற்றை ஆளாக மாவு கலக்கி, ரெஜிஸ்டர் எழுதி, ஊசி போடும் நாளுக்குத் தாய்மார்களை அழைத்து, அதற்கு மேல் பாட்டும் சொல்லிக்கொடு என்றால் யாரால் முடியும்?

அதனால் 'பால்வாடியா எல்கேஜியா' என்று கேட்பதைவிட, அந்த இடத்துக்கு ஒரு நாள் பத்து மணிக்குப் போய் நில்லுங்கள். பிள்ளைகளிடம் யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா? பிள்ளைகள் பதில் பேசுகிறார்களா? தரையில் பொம்மையோ மணியோ கிடக்கிறதா? நோட்டில் பக்கம் பக்கமாக அ, ஆ எழுத வைக்கிற 3 வயது வகுப்பைவிட, கதை சொல்கிற பால்வாடி எவ்வளவோ மேல். பல மாநகராட்சிப் பள்ளிகளிலும் இப்போது எல்கேஜி, யூகேஜி இருக்கிறது, கட்டணமும் இல்லை.

இன்டர்வியூல பிள்ளை பேசல, சீட் இல்லன்னுட்டாங்க. சரியா?

சரியில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 13-ஆம் பிரிவு, சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரையும், பிறகு ஒவ்வொரு தடவையும் 50,000 வரையும் அபராதம். பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காகவும் சேர்க்கையை மறுக்க முடியாது.

முதல் வாரம் முழுக்க அழறா. கூட்டிட்டு வந்துடலாமா?

வேண்டாம். அழட்டும், அது உங்கள் மேல் இருக்கிற பாசம். ஆனால் அவள் அசந்த நேரம் பார்த்து ஓடி ஒளியாதீர்கள். "சாப்பாட்டு மணி அடிச்சதும் அம்மா இங்கேயே நிப்பேன்" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் நில்லுங்கள். மூன்று நாள் இந்த வாக்கைக் காப்பாற்றிய தாயின் பிள்ளை நான்காம் நாள் அடங்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று வாரம் தாண்டியும் பிள்ளை சாப்பிடாமல், தூக்கத்தில் அலறிக்கொண்டு, படுக்கையை நனைத்துக்கொண்டு இருந்தால் அது வேறு. வகுப்பில் யார் அடிக்கிறார்கள், யார் மிரட்டுகிறார்கள் என்று விசாரியுங்கள். பிள்ளையை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை. புகார் சொல்ல 14417 என்ற கல்வி உதவி எண்ணும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் உண்டு.

போர்டுல இருக்கறத எழுத மாட்டேங்கிறான், பக்கத்துப் பையன் நோட்டையே பார்க்கிறான். சோம்பேறியா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். என் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருந்தான். பக்கத்து நோட்டைப் பார்க்கிறானே என்று அவனைக் கடைசி வரிசையில் தனியாக உட்கார வைத்தேன். எட்டு மாதம். நோட்டு வெறுமையாகவே இருந்தது, திட்டித் தீர்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் கரும்பலகையைத் துடைக்கச் சொன்னேன். டஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு, மூக்கு பலகையில் இடிக்கிற தூரத்தில் நின்று, துடைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சொல்லாக முணுமுணுத்தான். படம். பட்டம். பாடம். தாத்தா. ஒரு பிழை இல்லை. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு வந்த முதல் நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மிஸ், நீங்க மூக்கு குத்தியிருக்கீங்களா?" என்று கேட்டான். எட்டு மாதமாக என் முகம் அவனுக்கு வெறும் ஒரு நிழல்.

உலகம் முழுக்க இதே கதைதான். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 2,300-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு, இலவசக் கண்ணாடி பெற்றவர்களின் வாசிப்பு மதிப்பெண் ஒரு வருஷத்தில் உயர்ந்ததைக் காட்டியது. 2021-ல் முடிவுகள் வந்தன. அதிகம் பலன் பெற்றவர்கள், வகுப்பில் கடைசியில் இருந்த பிள்ளைகளும் சிறப்புக் கல்வி தேவைப்பட்ட பிள்ளைகளும். சீனக் கிராமங்களில் நடந்த ஆய்வுகளிலும் கண்ணாடி போட்ட பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியது.

வீட்டிலேயே பார்க்கலாம். டிவிக்கு அருகே போய் நிற்கிறதா? தலையைச் சாய்த்துப் பார்க்கிறதா? கண்ணைச் சுருக்குகிறதா? ஒரு கண்ணை மூடினால் மட்டும் அடம் பிடிக்கிறதா? கடைசிக் கேள்வி முக்கியம். ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் பிள்ளைக்கே தெரியாது, இன்னொரு கண்ணால் சமாளித்துவிடும். 7, 8 வயதுக்கு மேல் அந்த மங்கிய கண்ணை மீட்பது கடினமாகிக்கொண்டே போகும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இருக்கிறது, செலவில்லாமல் பார்க்கலாம். அரசுப் பள்ளிகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையும், அங்கன்வாடிகளுக்கு இரண்டு தடவையும் மருத்துவக் குழு வரும். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருகிற குழு அது. அன்றைக்கு லீவு போடாதீர்கள்.

இன்னொன்று, வெயில் வெளிச்சம். சீனாவின் குவாங்சூ நகரில் 12 பள்ளிகளின் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருஷத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். அபார்ட்மென்ட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு மரத்தடி நிழலில் ஓடினாலே போதும், உச்சி வெயில் வேண்டாம்.

கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறா. திமிரா, காது கேக்கலையா?

காது என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். சளி பிடித்துக் காதில் சீழ் வருவது நம் ஊரில் சாதாரணம், பஞ்சை அடைத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த வாரங்களில் பிள்ளைக்குப் பாதிச் சத்தம்தான் கேட்கும். 'பல்', 'பால்' இரண்டும் ஒன்றாகக் கேட்கிற பிள்ளை எழுத்துப் பிழை போடாமல் என்ன செய்யும்? காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். பிறவியிலேயே கேட்காத பிள்ளை என்றால் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயது வரை காக்ளியர் கருவி (உள்காதில் பொருத்திச் சத்தத்தைக் கேட்க வைக்கும் கருவி) அறுவைசிகிச்சை செய்துகொள்ள முடியும், ஆனால் 2 வயதில் செய்ததற்கும் 5 வயதில் செய்ததற்கும் பேச்சில் பெரிய வித்தியாசம் தெரியும்.

ஸ்கூல்ல காலைச் சாப்பாடு போடறாங்க. வீட்ல ஒண்ணும் குடுக்கலன்னு நினைப்பாங்களோ?

யாரும் நினைக்க மாட்டார்கள், தயங்காமல் சாப்பிடச் சொல்லுங்கள். சென்னைக்கு இது பழைய பெருமை. 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்க மாநகராட்சி மன்றம் ஒப்புதல் தந்தது. அங்கிருந்துதான் காமராஜரின் 1956 மதிய உணவும், எம்ஜிஆரின் 1982 சத்துணவும் கிளை விட்டன. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகரங்களிலுள்ள அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது.

ஜமைக்காவில் 16 கிராமப் பள்ளிகளில், ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் மற்றவர்களுக்குக் கால் ஆரஞ்சுப் பழமும் கொடுத்து ஒப்பிட்டார்கள். 1998-ல் வந்த அந்த ஆய்வில், சாப்பிட்ட பிள்ளைகளின் வருகை கூடியது, எடையும் உயரமும் சற்று ஏறின, சின்ன வகுப்புகளில் கணக்கும் மேம்பட்டது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. முன்பெல்லாம் பதினோரு மணிக்கு நான்கைந்து தலைகள் மேசைமேல் சாய்ந்துவிடும். ஆறு மணிக்கே மீன் ஏலத்துக்கோ வீட்டு வேலைக்கோ கிளம்பும் அம்மாவால் டீயும் பன்னும்தான் கொடுக்க முடியும். அந்தத் தலைகளுக்கு ஒரு கரண்டி பொங்கலும் சாம்பாரும் கிடைத்தால் என்ன ஆகும் என்று அந்த அம்மாக்களைக் கேளுங்கள், கண் கலங்கிச் சொல்வார்கள்.

பூச்சி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை தர்றாங்களே, பயமில்லையா?

பயமில்லை. குடற்புழு மாத்திரையை மென்று தின்னச் சொல்லுங்கள், விழுங்கினால் சின்னப் பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கும். காய்ச்சலோ வேறு நோயோ இருந்தால் அன்றைக்குத் தவிர்த்து, டீச்சரிடம் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் இரும்புச்சத்து மாத்திரை குமட்டும், சாப்பிட்ட பிறகு கொடுக்க வேண்டும். மலம் கறுப்பாகப் போனால் பதற வேண்டாம். 5 வயதில் போட வேண்டிய டிபிடி பூஸ்டர் ஊசியை (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் வராமல் தடுப்பது) மட்டும் பள்ளிச் சேர்க்கைப் பரபரப்பில் மறந்துவிடாதீர்கள்.

தண்ணி பாட்டில் அப்படியே திரும்பி வருது. ஏன்?

பாட்டில் நிறைந்து திரும்பினால் பள்ளியின் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். அங்கே போகப் பிடிக்காத பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், தண்ணீரே குடிக்க மாட்டார்கள். 'குடிச்சா போகணும்' என்பது 5 வயதுக் கணக்கு. பிறகு நீர்க்கடுப்பு, மலச்சிக்கல், வயிற்று வலி, லீவு. இந்தியப் பள்ளிகளில் கழிப்பறை கட்டியது பற்றி அஞ்சலி அடூக்கியா செய்து 2017-ல் வெளியான ஆய்வு, கழிப்பறை வந்த பள்ளிகளில் சேர்க்கை கூடியதைக் காட்டுகிறது. சின்ன வகுப்பில் ஆண், பெண் இருபாலருக்கும் பலன் கிடைத்தது. வயது வந்த பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை இருந்தால்தான் பலன். பெற்றோர் கூட்டத்தில் ரேங்க் பற்றி நாலு பேர் கேட்கிறீர்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, மக் இருக்கிறதா என்று ஒருவராவது கேளுங்கள்.

என் பொண்ணுக்கு மூளை முடக்குவாதம். சாதாரண ஸ்கூல்ல சேர்க்கலாமா?

சேர்க்கலாம், உரிமை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு அக்கம்பக்கத்துப் பள்ளியிலோ, அவர்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு என்கிறது. எதில் என்பது நீங்களும் பிள்ளையும் எடுக்க வேண்டிய முடிவு. 'எங்க ஸ்கூல் சரிப்படாது' என்று தலைமையாசிரியர் எடுக்கிற முடிவல்ல.

ஆனால் உங்களிடம் இனிப்பாக மட்டும் பேச மாட்டேன். 2022-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு, சாதாரண வகுப்பில் சேர்த்ததாலேயே சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் படிப்பு சராசரியாகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்கிறது. சராசரிக்குள்ளே நன்றாக வந்த பிள்ளைகளும் உண்டு, பின்தங்கியவர்களும் உண்டு. வகுப்பில் உட்கார வைப்பது முதல் படி, அங்கே என்ன உதவி கிடைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உதவி என்றதும் பெரிய கருவிகளை நினைக்காதீர்கள். என்னிடம் இப்படி ஒரு சின்னப் பெண் வந்தாள். பென்சில் பிடித்தால் கை துள்ளும், கோடு தாளைக் கிழிக்கும். வட்டார வள மையத்திலிருந்து வரும் இயன்முறை சிகிச்சையாளர் அவள் கையைப் பார்க்கவே இல்லை, காலைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்தால் அவள் கால் தரையில் எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பு விழாமல் இருக்கவே அவள் பலமெல்லாம் போய்விடுகிறது, கைக்கு மிச்சம் ஏது? இரண்டு செங்கலுக்கு மேல் ஒரு பலகை போட்டுப் பாதத்தை அதில் பதித்தோம். பென்சிலில் சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றினோம். அந்த வாரமே 'ட' எழுதினாள். கோணல்மாணலாக இருந்தது, ஆனால் தாள் கிழியவில்லை.

பள்ளியில் கேளுங்கள்: சிறப்புப் பயிற்றுநர் எந்தக் கிழமை வருவார்? வகுப்பு தரைத்தளத்தில் இருக்குமா? கழிப்பறைக்கு யார் கூட்டிப் போவார்? வீட்டுப் பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டையையும் இப்போதே எடுத்துவிடுங்கள்.

அந்த மாதிரி பிள்ளை கிளாஸ்ல இருந்தா, மத்த பிள்ளைங்க படிப்பு கெடாதா?

கெடாது. இதைக் குறித்து வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மற்றப் பிள்ளைகளுக்கு நன்மை அல்லது வித்தியாசமில்லை என்றே முடிகின்றன. என் வகுப்பில் செங்கல் பலகையைத் தினமும் காலையில் எடுத்துப் போட முறை வைத்துச் சண்டை போட்டார்கள்.

எழுத்தைத் திருப்பித் திருப்பி எழுதறான். டிஸ்லெக்ஸியாவா?

டிஸ்லெக்ஸியா என்பது எழுத்தைக் கூட்டி வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு. ஒன்றாம் வகுப்பில் அவசரப்பட்டு அந்தப் பெயர் வைக்காதீர்கள். 7 வயது வரை எழுத்தும் எண்ணும் திரும்புவது சகஜம். நம் தமிழில் இன்னொரு சிக்கல்: 'கெ' என்று சொல்லும்போது க் முதலில் வருகிறது, எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது. 'கொ' எழுத இரண்டு பக்கமும் போக வேண்டும். ன, ண குழப்பம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. ஆனால் இரண்டாம் வகுப்பு முடியும்போதும், நன்றாகப் பேசுகிற, கதை சொல்கிற பிள்ளைக்கு நாலு எழுத்தைக் கூட்டி வாசிக்க வரவில்லை, வீட்டில் வேறு யாருக்கும் அப்படி இருந்தது என்றால் சோதித்துப் பாருங்கள். மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் சென்னையிலேயே இருக்கிறது. அதற்கு முன், கண்ணும் காதும்.

வீட்ல தெலுங்கு, தெருவுல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ். குழம்ப மாட்டானா?

மாட்டான். வீட்டில் உங்களுக்கு நன்றாக வருகிற மொழியில் நிறையப் பேசுங்கள். அரைகுறை இங்கிலீஷில் 'கம், சிட், ஈட்' என்று மூன்று சொல் சொல்வதைவிட, உங்கள் மொழியில் மூன்று நிமிஷக் கதை பத்து மடங்கு வேலை செய்யும்.

ஒண்ணாங் கிளாஸுக்கு ஹோம்வொர்க் உண்டா?

கூடாது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. அந்த நேரத்துக்குத் தூக்கம் கொடுங்கள். 5 வயது வரை 10 முதல் 13 மணி நேரம், அதற்குப் பிறகு 9 முதல் 12. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும்.

சேர்க்கிற அன்னிக்கு டீச்சர்கிட்ட என்ன சொல்லணும்?

ஒரு அரைத்தாளில் எழுதிக் கொடுங்கள். குறைமாதத்தில் பிறந்ததா, காய்ச்சலில் வலிப்பு வந்ததுண்டா, காதில் சீழ் வந்ததா, வீசிங் உண்டா, எந்த மாத்திரை சேராது, எதைத் தின்றால் தடிக்கும், பயந்தால் அழுமா அல்லது வாயடைத்துப் போகுமா, அவசரத்துக்கு யாருக்குப் போன் செய்ய வேண்டும். கடைசியாக ஒரு வரி: வீட்டில் ஒண்ணுக்குப் போக வேண்டும் என்பதற்குப் பிள்ளை என்ன சொல்லும்? ஒரு ஜூன் மாதத்தில் ஒரு பெண் பிள்ளை என் புடவையைப் பிடித்துக்கொண்டு "மூலை, மூலை" என்றாள். வகுப்பின் மூலையைக் காட்டுகிறாள், பல்லிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் குடித்தனத்தில் கழிப்பறை வளாகத்தின் மூலையில் இருந்தது. பாவாடை நனைந்து அவள் விசும்பி அழுத பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு சொல்லை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.